நாலாம் நம்பர் கட்டில்

மகள் செவிலியர் படிப்பில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த அதே கல்லூரியில் அம்மாவும் அலுவலக நிர்வாகப் படிப்பில் சேர்ந்தாள். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. பதினேழு வருடம் துணிக் கம்பெனியில் சட்டை மடித்துப் பெட்டியில் அடுக்கியவள். கம்பெனியை மூடியபிறகு, வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார்கள். தெரிந்துகொண்டால் போச்சு என்று விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

மகளுக்கு முகம் செத்துப்போயிற்று.

"படி, வேணாங்கல. ஆனா காலேஜ்ல நீ யாரோ நான் யாரோ. கேன்டீன்ல பாத்தாக்கூட 'சாப்டியா'ன்னு கேக்கக் கூடாது."

"கேக்கல தாயே" என்றாள் அம்மா. ஏழு மாதமாகச் சொன்ன சொல் தவறவில்லை. வகுப்பில் அவளுக்கு ஸ்பீடு அக்கா என்று பெயர். கோழி இரை பொறுக்குவதுபோல இரண்டே விரலில் தட்டச்சு செய்ததால் வந்த பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பெயரை வைத்த பெண்தான் அவளுக்கு நகல் எடுக்கக் கற்றுக்கொடுத்தவள்.

செவிலியர் மாணவிகளின் செய்முறைத் தேர்வுக்கு நோயாளிகள் தேவைப்பட்டார்கள். ரப்பர் பொம்மை "வலிக்குது" என்று சொல்லாது அல்லவா? அதனால் அலுவலகப் படிப்புக்காரர்களில் ஆறு பேரைக் கூப்பிட்டார்கள். ஸ்பீடு அக்காவும் கை தூக்கினாள். கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். அதில் ஒரு பொய்ப் பெயர், பொய் வயது, 'வயிற்றில் அறுவை சிகிச்சை, இரண்டாம் நாள்' என்ற விவரம். வயிற்றில் சிவப்பு மை தடவிக் கட்டும் போட்டுவிட்டார்கள். நாலாம் நம்பர் கட்டிலில் படுத்து, முனகலாமா கூடாதா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது திரை விலகியது.

சீட்டுக் குலுக்கலில் நாலாம் நம்பர் விழுந்தது மகளுக்குத்தான்.

ஒரு நொடி இரண்டு பேரும் விழித்தார்கள். பிறகு மகள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"வணக்கம்மா. உங்க பேரும் வயசும் சொல்லுங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு முட்டியது. 'வணக்கம்மா' என்றதை இங்கே யாரும் கண்டுகொள்ளப்போவதில்லை. செவிலியருக்கு எல்லாப் பெண்களும் அம்மாதானே. ஆனால் அந்த 'உங்க'? பேச ஆரம்பித்த நாளிலிருந்து இந்த வாயில் அவளுக்கு 'நீ'யைத் தவிர வேறொன்று வந்ததில்லை. அட்டையில் இருந்த பெயரைச் சொன்னாள். மகள் போர்வையைச் சரிசெய்து, மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள். நனைந்த துண்டைக் கட்டிலிலேயே போட்டுவிட்டுப் போகும் கையா இது? அத்தனை பதமாக இருந்தது.

அரை நிமிடம் எண்ணினால் போதும். மகள் ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள். விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டாள்.

"நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?" என்று அம்மா கிசுகிசுத்தாள்.

"பேசாம இருங்கம்மா. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

தேர்வாளர் அம்மையார் எட்டிப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. கட்டு மாத்தணும், மருந்து எழுதணும். ஏன் நாடியிலேயே நிக்குற?"

மகள் நிமிர்ந்தாள். "மேடம், நான் பரீட்சைய நிறுத்திக்கிறேன். இது அட்டையில இருக்கிறது இல்ல. இவங்களுக்கு நெஜமாவே நாடி சரியில்ல. நிமிஷத்துக்கு நூத்தி முப்பதுக்கு மேல ஓடுது. நெஞ்சுல கேக்குற துடிப்புல சிலது கைக்கு வரவே இல்ல."

"பரீட்சைன்னா நோயாளிக்கும் படபடப்பு இருக்கும்மா. வேகமா ஓடும்."

"வேகமா ஓடும் மேடம். இப்படித் தடுமாறாது."

குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. அம்மா அண்ணாந்து பார்த்தாள். இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகிறது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அவள் வாய் திறக்காத ஒன்றை மூன்று விரல்கள் தொட்டே கேட்டுவிட்டன.

தேர்வாளர் தானும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. மதிப்பெண் தாளை மூடிவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினார்.

"இவங்க வீட்டுக்குத் தகவல் சொல்லணுமே. யாருக்காவது நம்பர் தெரியுமா?"

"நான்தான் மேடம் வீடு. எங்கம்மா இவங்க."

பயிற்சி வார்டில் மற்ற ஐந்து கட்டில்களிலும் முனகல் சட்டென்று நின்றது.

ஆஸ்பத்திரி வாசல்வரை அந்த நிதானம் தாங்கியது. அங்கே சேர்க்கைப் படிவத்தைக் கையில் கொடுத்ததும் எழுத்து எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. பிறந்த தேதி என்ற இடத்தில் தன்னுடையதை எழுதியிருந்தாள்.

"அம்மா, நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல? நீ ஏம்மா..." என்று விசும்பினாள்.

"இங்க குடுடி" என்று தள்ளுகட்டிலில் படுத்தபடியே படிவத்தை வாங்கினாள் அம்மா. தப்பான தேதியை அடித்துச் சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, முகவரி, அவசரத் தொடர்பு, ஒவ்வாமை எல்லாவற்றையும் கட்டத்தைத் தாண்டாமல் எழுதினாள். வாங்கிப் பார்த்த பதிவு மேசைக்காரர், "நீங்க ஆபீஸ்லயா வேலை பாக்குறீங்க?" என்றார்.

"இன்னும் ஒரு பரீட்சை பாக்கி" என்றாள்.

தைராய்டு கூடிப்போய் இதயத் துடிப்பு தடம் புரண்டிருந்தது. விட்டிருந்தால் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். அம்மா கை காட்டினாள். டாக்டர், நாற்காலியில் கோணலாகத் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான்கு நாள் ஆஸ்பத்திரி, பிறகு மாத்திரை. துடிப்பு மெல்ல அடங்கி ஒழுங்குக்கு வந்தது.

நிறுத்திய பரீட்சையை மூன்று வாரம் கழித்து மகள் மறுபடி எழுத வேண்டியிருந்தது. அன்று தேர்வறை வாசலில் இருந்த பதிவு மேசையில் அலுவலகப் படிப்பு மாணவர்களுக்குப் பயிற்சி. அம்மாதான் பட்டியலைப் பார்த்து எண்களைக் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தியாக வந்து கையெழுத்துப் போட்டு உள்ளே போனார்கள். மகளின் முறை வந்தது. வெள்ளை உடை, இழுத்துக் கட்டிய கூந்தல், நெஞ்சில் குத்திய கடிகாரம்.

அம்மா தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

"ஏன்க்கா எந்திரிச்சிட்டீங்க?" என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண்.

"தெரியலம்மா" என்றாள் அவள். மகள் குனிந்து கையெழுத்துப் போட்டு உள்ளே போய்க் கதவு சாத்தும்வரை உட்காரவே இல்லை.