பன் தின்ற கோழிகள்

"உங்க தீவனத்துல ஏதோ கோளாறு" என்று சொல்லிக்கொண்டே பன் மாஸ்டர் மூட்டையைக் கல்லாவுக்கு முன்னால் தொப்பென்று போட்டார்.

தீவனக் கடைக்காரம்மா இதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். விரலால் கிளறிப் பார்த்தாள்.

"பூஞ்சை இல்ல, வண்டு இல்ல. கோழி என்ன பண்ணுது அண்ணே?"

"முட்டை போட மாட்டேங்குது. அதான் பண்ணுது."

மாஸ்டருக்கு மூக்கு மேல் கோபம். முதல் நாளே இருவருக்கும் முட்டிக்கொண்டது. "கோழி கறிக்கா, முட்டைக்கா?" என்று அவள் கேட்டதும், "பேரு வெச்சு வளர்க்கிறேன், கறிக்கான்னு கேக்குறியே!" என்று எகிறினார். அப்படி எகிறியவர் கைநீட்டிக் கேட்டதோ கறிக்கோழித் தீவனம். பையில் கொழுகொழுவென்று ஒரு கோழிப் படம் இருந்தது, அதுதான் காரணம். அது சதை வைக்கிற தீவனம், முட்டைக்கு ஆகாது என்று சொல்லி, முட்டைக்கோழித் தீவனத்தையும் ஓடு கெட்டிப்பட ஒரு பை கிளிஞ்சல் தூளையும் தலையில் கட்டாத குறையாகக் கொடுத்தனுப்பியவள் அவள்தான்.

"வேற என்ன போடுறீங்க?"

"வேற ஒண்ணும் போடல."

அவர் பொய் சொல்லவில்லை. பேக்கரியில் மிஞ்சும் ரொட்டி ஓரம், கேக் உதிரி, உடைந்த பிஸ்கட் எல்லாவற்றையும் தினமும் பையில் கட்டிக்கொண்டு போய்க் கோழிகளுக்குப் போடுவார். ஆனால் அது தீனிக் கணக்கில் வராது. அது பாசம்.

இவ்வளவு பாடும் மனைவிக்காக. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். அடுத்த பரிசோதனைக்குள் உடம்பு தேறவில்லை என்றால் திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் ஜன்னல் ஓரம் படுத்திருந்தவள், "வீட்டுக் கோழி முட்டைன்னா ஒண்ணு சாப்பிடலாம் போல இருக்கு" என்று முனகினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாய்விட்டு அவள் கேட்டது அது ஒன்றுதான். மறுநாளே கொல்லையில் நாலு கோழிகள் வந்து இறங்கின. எல்லாரையும் அதட்டிக்கொண்டு முன்னால் நடக்கும் சிவப்புக் கோழிக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார்.

மேனேஜர் ஒரே ஒரு முட்டை போட்டது. ஓடில்லாத தோல்முட்டை. மாஸ்டர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு மனைவியிடம் ஓடினார். வாசற்படி தாண்டுவதற்குள் அது பிதுங்கி விரலிடுக்கில் வழிந்தது. அதற்குப் பிறகு நாலும் முட்டைக் கடையை மூடிவிட்டன. வாய் மட்டும் மூடவே இல்லை.

கடைக்காரம்மா, மூட்டை திரும்பி வந்த அன்று சாயங்காலம் தானாகவே வீட்டுக்கு வந்தாள். மேனேஜரைத் தூக்கி அடிவயிற்றைத் தடவினாள்.

"என்ன அண்ணே, இது கோழியா தலையணையா? உள்ள முழுக்கக் கொழுப்பு. தொட்டியில தீவனம் போட்டது போட்டபடி இருக்கு. இதுங்க வேற எதையோ மூக்குப் பிடிக்கத் தின்னுது."

அப்போதுதான் மாஸ்டர் ரொட்டி ஓரத்தைப் பற்றி வாயைத் திறந்தார்.

"பேக்கரியில உப்பைக் கையால அள்ளிப் போடுவீங்களா?"

"சேச்சே. தராசுல வெக்காம எதையும் மாவுல சேர்க்க மாட்டேன்."

"இங்க மட்டும் கை நீளுதே. இனிப்பு இருக்கும்போது அது எதுக்குத் தீவனத்தைத் தின்னும்? நிறுத்துங்க. பசிச்சா தானா தொட்டிக்கு வரும்."

மாஸ்டர் நிறுத்தினார். கல் மனசு வேண்டும் அதற்கு. சாயங்காலம் வெறுங்கையோடு வந்தவரை மேனேஜர் பார்த்த பார்வையில் அவர் பாதி கரைந்துவிட்டார். ஆனாலும் கொடுக்கவில்லை. நாட்கள் போயின. தொட்டியில் தீவனம் மட்டும் குறையவில்லை. கோழிகளும் இளைக்கவில்லை.

ஒருநாள் முதல் ட்ரே வெந்ததுமே பேக்கரி அடுப்பு மக்கர் செய்தது. அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். மாஸ்டர் வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே வீடு திரும்பிக் கொல்லைப்புறமாக நுழைந்தார். நாலு கோழிகளும் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. உள்ளேயிருந்து மெலிந்த கை ஒன்று வந்தது. பிட்டுப் பிட்டுப் போட்டது. மேல்பக்கம் பளபளவென்று, நடுவில் கட்டைவிரல் குழியோடு ஒரு பன். அந்தக் குழி அவருடைய கட்டைவிரலின் குழி. அவளுக்கென்று தனியாகப் பாலில் பிசைந்து, முதல் ட்ரேயில் சுட்டு, ஆள் மூலம் சூடாக அனுப்பி வைக்கும் பன்.

முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. தட்டு தினமும் காலியாக இருக்கிறதே, தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று அவர் குழம்பிய குழப்பத்துக்கு விடை கண்ணெதிரே கொத்திக்கொண்டிருந்தது.

உள்ளே போனார். அவள் காலித் தட்டோடு நிமிர்ந்தாள்.

"சாப்ட்டியா?"

"ம். நல்லா இருந்துச்சுங்க."

"மேனேஜரும் அதைத்தான் சொல்லுச்சு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கட்டியது.

"வாயெல்லாம் கசக்குதுங்க. இனிப்பு பட்டாலே குமட்டுது. ஊரே வரிசையில நின்னு வாங்குற பன்னு. அது எனக்கு இறங்கலன்னு உங்ககிட்ட எந்த வாயால சொல்றது? விடியறதுக்கு முன்னாடி எழுந்து எனக்குன்னு பிசையிறீங்க."

மாஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கோழிக்கு என்ன போடலாம்னு கடைக்காரியோட மல்லுக்கட்டினேன். உன்னை ஒரு வார்த்தை கேக்கல பாரு. இப்ப சொல்லு, உனக்கு என்ன வேணும்?"

"தண்ணியா, உப்பா, மிளகு தூக்கலா ஏதாவது."

பன்னைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர் பேக்கரித் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, மிளகையும் உப்பையும் நிறுத்துப் போட்டுப் பருப்புச் சாறு வைத்தார். மனைவி முதல் வாய்க்கே இருமினாள். ஆனால் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. ஜன்னல் அன்று முதல் சாத்தியே இருந்தது.

கோழிகள் ரெண்டு நாள் ஜன்னலடியில் நின்று கத்திப் பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று தொட்டிக்கு வந்தன. தீவனம் குறைந்தது. கிளிஞ்சல் தூளும் குறைந்தது. மேனேஜருக்கு இடுப்பு என்று ஒன்று தென்பட்டது.

மாஸ்டர் ஒரு ட்ரே பன்னோடு தீவனக் கடைக்குப் போனார். மூட்டையைத் தொப்பென்று போட்ட அதே இடத்தில் ட்ரேயை மெதுவாக வைத்தார்.

"உன் தீவனத்துல கோளாறு இல்லம்மா. நீ மட்டும் அன்னிக்கு வந்து மேனேஜரைத் தடவிப் பார்க்கலன்னா..." கையெடுத்துக் கும்பிட்டார்.

"அட விடுங்க அண்ணே. அண்ணி தேறட்டும்" என்றாள் அவள். ஒரு பன்னை எடுத்துக்கொண்டு, "இதைக் கோழி கண்ணுல காட்டாம சாப்பிடுறேன்" என்றாள்.

அந்த வாரமே வைக்கோல் பெட்டியில் ஒரு முட்டை கிடந்தது. மாஸ்டர் விரலால் தட்டினார். டக்கென்று கெட்டியாகச் சத்தம் வந்தது. அரை வேக்காடாக வேகவைத்து, மிளகு தூவி எடுத்துப் போனார். மனைவி கடைசித் துளி வரை வழித்துச் சாப்பிட்டாள். அவர் எதிரிலேயே நின்று பார்த்தார். இந்த முறை ஜன்னலுக்கு வேலை இருக்கவில்லை. அன்று இந்தக் கோழிகள் ஜன்னலடியில் நின்றிருக்காவிட்டால் தனக்கு எதுவுமே தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார். நாலின் காலிலும் விழலாம் போல இருந்தது.

அவள் கிண்ணத்தை நீட்டினாள்.

"இன்னொண்ணு இருக்குங்களா?"

இல்லை. இருந்தது அது ஒன்றுதான். மாஸ்டர் கொல்லைக்கு ஓடினார். மேனேஜர் பெட்டிக்குள் உம்மென்று உட்கார்ந்திருந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னங்க, இருக்கா இல்லையா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இரும்மா, போட்டுக்கிட்டிருக்கு!" என்றார்.