மாமா ஏறிய சறுக்குவண்டி

வடதுருவக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கப்பல் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். குப்பைமேடு வருடம் முழுக்கத் திறந்திருக்கும். ஐபிலி அங்கே சரக்குப் பெட்டிகளைப் பிரித்துப் பலகை எடுத்துக்கொண்டிருந்தான். போன வசந்தத்தில் அவனுடைய சறுக்குவண்டி பனிக்கட்டி உடைந்து கடலுக்குள் போய்விட்டது. அவன் கரையேறி வந்ததே பெரிய காரியம். இப்போது விரிகுடாவுக்கு அப்பால் கரிபு மான் மந்தை வந்திருப்பதாக ரேடியோவில் சொன்னதிலிருந்து மனிதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் பாதி ஆண்கள் வேட்டைக்குப் போய்விட்டார்கள். பனியில் ஓடும் பைக்குக்குப் பின்னால் இழுத்துப்போக வண்டி இல்லாமல் அவன் மட்டும் நேற்றுவரை ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான்.

நீளமான இரண்டு பலகைகளை விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்தினான். யாரோ எறிந்த பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாயைப் பிளந்து, சூடுகாட்டித் தட்டையாக்கி, வழுக்கிப் போவதற்காகப் பலகைகளின் அடியில் திருகாணியால் முடுக்கினான். மேலே குறுக்குச் சட்டங்களைத் துளைபோட்டுக் கயிற்றால் கட்டினான். சட்டங்களுக்கு ஆணி அடிப்பது எங்கள் வழக்கமில்லை. கரடுமுரடான பனியில் வண்டி முறுக்கி வளைந்து கொடுக்க வேண்டும். விறைத்து நிற்கும் வண்டி இரண்டாக ஒடிந்துவிடும். இது ஐபிலிக்குத் தெரியாததல்ல. ஆனால் கயிறு தீர்ந்துவிட்டது, கடையிலும் இல்லை. முன்பக்கம் மிச்சமிருந்த மூன்று சட்டங்களுக்கு ஆணி அடித்தான்.

அவனுடைய அக்கா புருஷன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன மச்சான், வண்டி செய்றியா, சவப்பெட்டி செய்றியா?" என்றார்.

ஐபிலி சிரித்தான். அவன் மனைவி சியாசிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மாமனார், ஐபிலியின் அப்பா கில்லாக், செத்துப்போனது அப்படித்தான். விரிகுடாவின் வாயில், நீரோட்டத்தால் பனி மெலிந்து கிடக்கும் இடத்தில், அவருடைய வண்டி ஒடிந்தது. நடந்து திரும்பும்போது பனி உடைந்து கிழவர் கடலுக்குள் போய்விட்டார். ஆணியைப் பிடுங்கச் சொல்லி அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் கையை வீசினான்.

மாமனார் போன சில மாதங்களில் சியாசிக்குப் பெண் பிறந்தது. அவர் பெயரையே வைத்தார்கள். பெயரோடு ஆளும் வந்துவிடுவதாக எங்கள் நம்பிக்கை. அதனால் ஐபிலி மகளை "அப்பா" என்பான். சியாசி "மாமா" என்பாள், வாங்க போங்க என்றுதான் பேசுவாள். அந்த ஏழு வயதுப் பொடியும் அப்பனை "மகனே" என்றும் அம்மாவை "மருமகளே" என்றும் அதிகாரமாகக் கூப்பிடும். அப்படிப்பட்ட பிள்ளையை யாரும் அதட்ட மாட்டோம், கேட்டதை மறுக்கவும் மாட்டோம்.

அன்று சாயங்காலம் கில்லாக் புது வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "மகனே, நாளைக்கு நானும் வரேன்."

ஐபிலியின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு, "சரிப்பா," என்றான்.

வீட்டுக்குள் வந்ததும் சியாசி அவனைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையை அந்த வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று கெஞ்சினாள்.

"எங்கப்பாவ நான் எப்படி வேணாம்னு சொல்றது, சியாசி?" என்றான். அவன் குரலிலும் பயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

காலையில் சியாசி பிள்ளைக்குத் தோல் சட்டையை மாட்டிவிட்டாள். அவள் முழங்காலிட்டு, மாமனாரிடம் பேசுவதுபோலவே தலையைக் குனிந்துகொண்டு பேசினாள்.

"மாமா, இந்த ஒரு தடவ வீட்ல இருந்துடுங்களேன்."

"முடியாது மருமகளே. என் மகன் தனியா போவான்ல."

அதற்கு மேல் எப்படி மறுப்பது? சியாசி பிள்ளையின் தொப்பியை இழுத்துவிட்டாள். "அப்போ ஆணியப் பிடுங்கச் சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா கேப்பாரு."

கில்லாக் வெளியே போய் இடுப்பில் கைவைத்துச் சொன்னாள். ஐபிலி மறுபேச்சில்லாமல் ஆணிப் பிடுங்கியை எடுத்தான். சியாசி அடுப்புக்கு மேலே கட்டியிருந்த துணிக்கொடியை அறுத்தாள். ஈரத்துணிகள் தரையில் விழுந்தன. அந்த நைலான் கயிறு மூன்று சட்டங்களுக்கும் ஒருவழியாகப் போதுமாக இருந்தது. அவளே காலை ஊன்றி இழுத்து இறுக்கினாள். ஜெயித்துவிட்டோம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

பைக் கிளம்பியது. கில்லாக் வண்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கரையோரம் கடல் ஏறி இறங்கும் இடத்தில் பனிக்கட்டி எப்போதும் பிளந்து மேடாகக் கிடக்கும். வண்டி அதன்மேல் ஏறியபோது சட்டங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தன. எதுவும் ஒடியவில்லை. சியாசிக்கு மூச்சு வந்தது.

அந்தப் பக்கம் வண்டி தொப்பென்று இறங்கியது. பிள்ளை இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறியது.

"அம்மா!"

அதுவரை யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. இத்தனை நேரம் யாரிடம் கெஞ்சினோம், யாரை ஏற்றி அனுப்பினோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையுறைகூட இல்லாமல் பனியில் இறங்கி ஓடினாள்.

"நிறுத்துடா, அது எம் பொண்ணுடா," என்று கத்தினாள்.

பைக்கின் இரைச்சலில் ஐபிலிக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் விரிகுடாவின் வாயைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு சின்னக் கை மட்டும் கயிற்றை விட்டு அவள் பக்கம் நீண்டிருந்தது.