மூன்று துளைகளும் ஒரு கம்பித் துண்டும்

1

இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், பக்கத்து இருக்கைப் பெண் தன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டியபோது தொடங்கியது. திரையில் இளஞ்சிவப்பாக ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

“இன்னான்னு சொல்லுங்க பாப்போம்?”

தெரியவில்லை என்றேன்.

“என் ஹார்ட்டுங்க! உள்ள கேமரா வுட்டு எடுத்தது. டாக்டரம்மாவ கேட்டு வாங்கிக்கினு வந்தேன்.”

அவள் பெயர் பூமாலை. வயது முப்பத்தெட்டு. முன் இருக்கை, பின் இருக்கை, கண்டக்டர் எல்லோரும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. நான் இறங்கவேண்டிய நிறுத்தமும் போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: ‘கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கிய அந்தக் காலையில், வரப்போவதை அறியாத பூமாலை—’

அடித்துவிட்டேன். மேகம் இருந்ததா என்று கேட்டதற்கு, “மழ வர்ற மாதிரி இருந்தா நான் எதுக்குங்க மெஷின தூக்கிக்கினு போறேன்?” என்றாள்.

இரண்டாவது தொடக்கம்: ‘கணவனின் கட்டாயத்தால் அந்த எந்திரத்தைத் தோளில் சுமந்த—’

இதுவும் பொய். தோளில் மாட்டிக்கொண்டு வீசுகிற, நுனியில் தகடு சுழலும் களைவெட்டும் மெஷினை அவள் தன் இஷ்டத்துக்குக் கற்றாள். கணவர் பொன்னுரங்கம் இன்னும் கொடுவாளோடு கரும்பு வெட்டப் போகிறவர். நிலமில்லாத குடும்பம். அவர்கள் ஊரான நைனார்பாளையத்தில் மெஷின் ஓட்டும் பொம்பளை என்றால் அவள் ஒருத்திதான். அந்தப் பேரில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

நடந்தது இதுதான். மரவள்ளிக் காட்டின் ஓரத்தில், புல்லுக்குள் ஒரு பழைய முள்கம்பி கிடந்தது. தகடு அதில் பட்டு ‘டிங்’ என்றது. அவளுக்கு இடது மார்புக்குக் கீழே எறும்பு கடித்தாற்போலிருந்தது. ரவிக்கையில் பொட்டளவு ரத்தம். துடைத்துக்கொண்டு மீதி வேலையையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் குடத்தை இடுப்பில் வைத்தபோது மூச்சு பாதியில் நின்றது.

(எறும்பு என்பது அவள் சொன்னது. நான் ‘நெருப்புத் துளி’ என்று எழுதி வைத்திருந்தேன். அவளுடையதே சரி.)

3

டாக்டர் எழில்மதியைப் பாத்திரமாக நம்ப எனக்குக் கஷ்டமாக இருந்தது. தியாகதுருகத்துக்காரர், நெஞ்சு அறுவை சிகிச்சை படித்தவர், பொறுமைசாலி. இப்படி நல்லவராகவே இருந்தால் கதை படுத்துவிடும். ஒரு பழைய சோகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. விட்டுவிட்டேன்.

எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, தகடு பட்டுத் தெறித்து உள்ளே புகுந்த கம்பித் துண்டு.

“விலாவுக்கும் நுரையீரலுக்கும் நடுவுல கிடக்குது,” என்றார் டாக்டர். “நெஞ்சத் திறக்க வேணாம். பக்கவாட்டுல மூணு சின்னத் துளை. ஒண்ணுல கேமரா, மத்த ரெண்டுல கருவி.”

“கிடைக்கலன்னா?” என்றார் பொன்னுரங்கம்.

“அப்ப பெரிசா திறக்கணும். மூணு மாசத்துக்கு மேலயே கனம் தூக்க முடியாது.”

பூமாலை நிமிர்ந்தாள். “அப்படித் திறக்கறதா இருந்தா, என்ன எழுப்பி ஒரு வார்த்த கேட்டுட்டுத் திறங்க.”

டாக்டர் சிரித்தார். பூமாலை சிரிக்கவில்லை.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். கதை பூமாலையை விட்டு நகரக் கூடாது. பூமாலையோ மயக்கத்தில் இருக்கிறாள். வழியை அவளே காட்டினாள். வீடியோவில் சத்தம் இல்லை. ஆனால் யார் என்ன பேசினார்கள் என்று டாக்டரையும் நர்ஸ் கலையரசியையும் குடைந்து குடைந்து கேட்டு வைத்திருந்தாள். டீக்கடை பெஞ்சில் வீடியோவை நிறுத்தி நிறுத்தி எனக்குச் சொன்னாள். ஆகவே இது, தூங்கிய பூமாலைக்கு நடந்ததை விழித்த பூமாலை சொன்னது.

வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். இடது நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தினார்கள். அது சுருங்கி ஒதுங்க, கேமரா உள்ளே போனது.

கம்பி இருக்கவேண்டிய இடத்தில் கம்பி இல்லை.

“உருண்டு போயிருக்கு,” என்றார் எழில்மதி. கருவியால் நுரையீரலை மெல்லத் தூக்கினார். இல்லை. கீழே உதரவிதானத்தின் மடிப்பில் தேடினார். இல்லை. பத்து நிமிடம். பதினைந்து. மயக்க மருந்து டாக்டர், ஆக்சிஜன் குறைகிறது என்றார். கலையரசி பெரிய கத்தி இருந்த தட்டின் துணியை விலக்கி வைத்தாள்.

“இன்னும் ரெண்டு நிமிஷம்,” என்றார் எழில்மதி. கேமராவை முன்பக்கமாகத் திருப்பினார்.

“இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க!” பூமாலை என் தோளை உலுக்கினாள். டீ என் சட்டையில் கொட்டியது.

இதயத்தின் உறையை ஒட்டி, ஒரு கொழுப்பு மடிப்பில், பழுப்பாக ஒரு நுனி. ஒவ்வொரு துடிப்புக்கும் அதுவும் சேர்ந்து ஆடியது. உறையை உரசியது, விலகியது, மறுபடி உரசியது.

இடுக்கி நீண்டது. பிடித்தது. வழுக்கியது.

ஒரு துடிப்பு. காத்திருந்தார். இன்னொரு துடிப்பு. இதயம் பின்வாங்கும் அந்தக் கணத்தில், உள்ளே போய்ப் பிடித்தார். பிடி நின்றது. பை போல வெட்டி உள்ளே விட்டிருந்த ரப்பர் கையுறை விரலுக்குள் கம்பியைப் போட்டு, வழியில் எதையும் கீறாமல் துளை வழியே இழுத்தார். ஸ்டீல் தட்டில் ‘டக்’. கலையரசி தன்னை மறந்து கைதட்டிவிட்டாளாம்.

விழித்ததும் பூமாலை முதலில் கேட்டது: “திறந்தீங்களா?”

“இல்லம்மா. மூணே துளை.”

5

முடிவுகள்.

(அ) கம்பித் துண்டைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. “துருப்புடிச்ச கம்பிங்க! வேணாம்னுட்டேன்,” என்றாள்.

(ஆ) ஆபரேஷன் மேசையிலேயே— ஆமாம், இதையும் எழுதிப் பார்த்தேன். படித்துக் காட்டியபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். “சாகடிக்கறதுக்கா உங்களுக்கு ரெண்டாவது டீ வாங்கிக் குடுத்தேன்?”

(இ) மெஷினை விற்றுவிட்டு—

இது பொன்னுரங்கம் விரும்பிய முடிவு. “அந்தச் சத்தத்த நெனச்சாலே எனக்கு நெஞ்ச அடைக்குது, பூமால,” என்று என் முன்னாலேயே சொன்னார்.

“எனக்கு அடைக்கலியே,” என்றாள் அவள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

6

டாக்டர் அனுமதி கொடுத்த மறுவாரம் என்னையும் வரச் சொன்னாள். மக்காச்சோளக் காடு. தடித்த தோல் மேலங்கி, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. புல்லுக்குள் இரும்பு கிடக்கிறதா என்று பொன்னுரங்கம் குச்சியால் துழாவிக்கொண்டே காட்டைச் சுற்றி வந்தார். ஒரு முறை போதாதென்று இரண்டாம் முறையும் வந்தார். பிறகு வரப்பில் போய் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

பூமாலை மெஷினைக் கிளப்பும் இழுவைக் கயிற்றைப் பிடித்தாள். கயிற்றை விட்டாள். மறுபடி பிடித்தாள்.

இழுத்தாளா என்பது எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றுகிறது. நீங்கள் வேண்டுமானால் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பாருங்கள்.

எழுதலாமென்று என்னிடம் மிஞ்சியது அவள் சொன்னது மட்டும்.

“இன்னா எழுதிக்கினே நிக்கறீங்க? தள்ளிப் போங்க!”

பத்தடி தள்ளிப் போனேன்.

“இன்னும்,” என்றாள்.