சிசிலியின் தொண்டை கொரியரில் வருகிறதாம்

நம்முடைய சிசிலிக்குப் பாட்டு போன கதையை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள் மக்களே.

கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் செய்தபின் அவளுக்குப் பேச்சு திரும்பி வந்தது, பாட்டு வரவில்லை. மெட்டெடுக்க வாயைத் திறந்தால் ஈர விறகை ஊதுகிற மாதிரி வெறும் காற்று. கேரள எல்லையில் திருப்புறத்தை அடுத்த அந்தக் கடலோர ஊரில் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கரோல் போவார்கள். அந்தந்த வருடம் சாவு விழுந்த வீட்டு வாசலில் மட்டும் கொட்டு மேளத்தை நிறுத்திவிடுவார்கள். வாத்தியம் கூடாது. ஒரே ஒருவர், ஒரே ஒரு பாட்டு. கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து துக்க வீட்டுப் பாட்டு சிசிலியுடையது.

பாட்டுக் குழுவை நடத்தும் நார்பர்ட் இந்த வருடம் அதை ஷெர்லிக்குக் கொடுத்துவிட்டார். சிசிலிக்குக் கிடைத்தது, தோர்த்துத் துண்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிடும் சின்ன கீபோர்டு. "பின்னால நின்னு கட்டைய அமுக்கு, போதும்," என்றார்.

அப்போதுதான் போனில் ஒரு பேச்சு சுற்ற ஆரம்பித்தது. புதிதாக ஒரு கீபோர்டு வரப்போகிறதாம். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாமாம். வார்த்தையைக் கொடுத்துக் கட்டையை அமுக்கினால் மனிதக் குரலில் பாடுமாம். யார் செய்கிறார்கள், எப்போது வரும், ஒருவருக்கும் தெரியாது. ஜப்பான் என்றார் ஒருவர். கொச்சியில் ஒருத்தன் வாங்கியே விட்டான் என்றார் இன்னொருவர். படம்கூட மங்கல்தான். சிசிலி நம்பினாள். நம்பியவள் சும்மா இருந்தாளா? பயிற்சி நடக்கும் இடத்தில் எழுந்து நின்று சொல்லியும்விட்டாள்.

"துக்க வீட்டுப் பாட்டு எனக்குள்ளதாக்கும். அந்த மெஷின் வரட்டு, அதுல நான் பாடுவேன்."

கொட்டு அடிக்கும் சிபின் விடுவானா? "எலே, கேட்டியளா? சிசிலியக்காக்க தொண்டை கொரியர்ல வருதாம்!"

"வரும்லே. ஒனக்க மூளையையும் கூட ஒரு டப்பால போட்டு அனுப்பச் சொல்லியேன்."

நார்பர்ட் சிரிக்கவில்லை. "மெஷின் பாடுனா கர்த்தர் கேப்பாரா, சிசிலி?"

"நீங்க மைக்கை விழுங்குயது போல பிடிச்சு அலறுனா கேக்காரே அண்ணா, இதைக் கேக்கமாட்டாரா?"

மெஷின் வரவில்லை. கரோல் நாள் வந்துவிட்டது.

இந்த வருடத் துக்க வீடு பிஜியுடையது. ஆடிக் கடலில் வள்ளத்தோடு போன அவள் கணவன் திரும்பவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், ஸ்டார் தொங்காத அந்த வாசலில் போய் எல்லோரும் நின்றார்கள். சிபின் கொட்டுக் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஷெர்லி முன்னால் வந்து முதல் அடியைத் தொடங்கினாள். பாதித் திறந்த கதவுக்குப் பின்னால் பிஜியின் முகம். ஷெர்லி அவளுக்குத் தோழி அல்லவா, தொண்டை அடைத்துவிட்டது. மறுபடி தொடங்கினாள், மறுபடி அடைத்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிவிட்டாள்.

பாட்டு முடியாமல் குழு திரும்பினால் அந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. அங்கே அப்படித்தான் வழக்கம். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

சிசிலி பின்வரிசையிலிருந்து முன்னால் வந்து கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினாள்.

"வேண்டாம், சிசிலி. துக்க வீட்டுல வாத்தியம் கூடாது," என்றார் நார்பர்ட்.

"பாட்டு பாதியில நிக்கவும் கூடாதுல்லா?"

"கைய எடு."

"எடுக்கமாட்டேன்."

அந்தச் சின்னப் பெட்டியில், பலபேர் சேர்ந்து 'ஆ' என்று இழுப்பதுபோல ஒரு சத்தம் உண்டு. வார்த்தை வராது. அதை வைத்தே பாட்டை அடியடியாக, பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடம் விட்டு விட்டு வாசித்தாள். முதல் அடி வார்த்தை இல்லாமல் போயிற்று. இரண்டாம் அடியில் உள்ளேயிருந்து பிஜியின் மாமியார், குளச்சல் பக்கத்துக்காரி, தமிழில் பிடித்துக்கொண்டாள்: "தொட்டிலில்லா வீட்டில் வந்த துணையே..." பிஜி கொல்லத்தில் பிறந்தவள். அதே மெட்டில் அவள் வாய் மலையாளத்தில் அசைந்தது, பிறகு சத்தமும் வந்தது. இரண்டு மொழியும் ஒன்றையொன்று இடிக்காமல் சேர்ந்து நடந்தன. சிசிலியும் வாயைத் திறந்தாள். வந்தது காற்றுதான். இத்தனை பேர் பார்க்க, அவள் வாயை மூடவில்லை.

பாட்டு முடிந்ததும் பிஜி கதவை முழுக்கத் திறந்து பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்தாள். முதல் கிளாஸ், பாடினவருக்கு. அதைச் சிசிலியின் கையில் கொடுத்தாள்.

நார்பர்ட் தன் கிளாஸை ஊதிக்கொண்டே மெல்லக் கேட்டார். "ஏட்டி, அந்த மெஷின் நெசமாட்டு வருமா?"

"ஆருக்குத் தெரியும்? வந்தா அதை மாட்டுவேன், வராட்டா இதை மாட்டுவேன். இனி நான் நிக்கது முன்னாலயாக்கும்."

கிளாஸைத் திண்டில் வைத்துவிட்டுச் சிபின் பக்கம் திரும்பினாள். "என்னலே பாக்கே? அடுத்த வீட்டுக்குக் கொட்டுக் கோலை எடு."

முன்னால் நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள், நார்பர்ட்டும்தான்.