பாசிக்கு வைத்த குக்கர்

எங்கள் வீட்டில் பாசி என்பது கெட்ட வார்த்தை. குளியலறை மூலையில் கொஞ்சம் பச்சை தெரிந்தால் போதும், மாமியார் பிரஷ்ஷோடு இறங்கிவிடுவார். அந்த வீட்டுக்கு வாழ வந்து நான் பாசி வளர்க்கிறேன், கண்ணுக்குத் தெரியாத கடல் பாசி. சண்டைக்குப் பயந்து அதற்குப் ‘பச்சைத் தண்ணி’ என்று பெயர் வைத்தேன். அதைத் தின்று நுண்பூச்சிகள் பெருகும். அந்தப் பூச்சிகளைத் தின்றுதான் என் தொட்டி மீனின் குஞ்சுகள் பிழைக்கும். போன முறை பச்சைத் தண்ணீர் கெட்டுப்போய், ஒரு குஞ்சுகூடத் தங்கவில்லை. நான் அழுதேன், வீட்டில் சிரித்தார்கள்.

இந்த முறை விடுவதாக இல்லை. உப்புத் தண்ணீரை ஜாம் பாட்டில்களில் ஊற்றி, வாயில் பஞ்சு அடைத்து, கிருமி எல்லாம் சாகும்படி குக்கரில் வைத்து விசில் விடவிட வேகவைத்தேன். பாட்டிலுக்குள் காற்று விடும், சூடு தாங்காத குழாய்களை பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு, குளோரினை முறிக்கும் மருந்தில் நெடி போகும்வரை அலசினேன். ஆறிய பாட்டில்களில் வளர்ப்பு மீன் கடையில் வாங்கிய பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டேன்.

“பச்சைத் தண்ணிக்கு நடக்கிற ராஜ உபசாரம் நமக்கு நடக்குதா பாரு” என்று மாமியார் போனில் நாத்தனாரிடம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன். பாட்டில் பச்சையாகி, பிறகு கரும்பச்சையானது. மீனும் முட்டையிட்டது. ஒரு வாரத்தில் பொரிந்துவிடும்.

நேற்று மதியம் வேலையிலிருந்து வந்தால், பாட்டிலில் வெளிறிப்போன தண்ணீர் நிற்கிறது.

“அத்தை, இதை யாரு தொட்டா?”

“நான்தாம்மா. உள்பக்கமா ஒரே பாசி. பச்சைத் தண்ணியைப் பத்திரமா பக்கெட்டுல ஊத்தி வெச்சுட்டு, நீ பண்ற மாதிரியே பிளீச்சிங் போட்டுத் தேய்ச்சேன். அப்புறம் தண்ணியைத் திரும்ப ஊத்திட்டேன். ஒரு சொட்டு சிந்தலை.”

முறிக்கும் மருந்து என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பாட்டில்களில் ஒட்டியிருந்த குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிட்டது. அத்தை முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. அதனால் திட்டவும் முடியவில்லை.

கணவர் எட்டிப் பார்த்தார். “சரி விடு. இதுவும் கெட்டா நிறுத்திடணும்னு பேசிக்கிட்டோம்ல?”

“பேசினது நீங்க. நான் தலையைக்கூட ஆட்டலை.”

“அம்மா நல்லதுக்குத்தானே செஞ்சாங்க?”

“ஆமா. அதான் அவங்களை ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா நிறுத்த மாட்டேன்.”

அந்த வளர்ப்பு மீன் கடைக்காரருக்கு போன் போட்டேன். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் தருவதாகச் சொன்னார். முட்டை பொரிவதற்குள் அது பெருக வேண்டுமென்றால் பாட்டில்கள் அன்றே வெந்து ஆற வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே குக்கர். அதில் மாமியார் அரிசி களைந்து அடுப்பில் ஏற்றியிருந்தார்.

குக்கரை இறக்கி, அரிசியைப் பாத்திரத்துக்கு மாற்றினேன். பாட்டில்களை உள்ளே அடுக்கி மூடியைப் போட்டேன். இருவரும் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“ஏய், மணி என்ன ஆச்சு! எங்க சாப்பாடு?” என்றார் கணவர்.

“ஒரு வேளை தள்ளிப்போனா நாம யாரும் சாக மாட்டோம்,” என்றேன். “குஞ்சுங்க செத்துடும்.”