உபயச் சைக்கிள்

புதுச் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி அவள் தெருமுனையில் நின்றிருந்தாள். சீட்டிலிருந்து கைப்பிடி வரை சிவப்பு ரிப்பன். நடுக்கம்பிக்குக் கீழே ஒரு தகரப் பலகை. அதில் கொடையாளர்கள் எல்லோருடைய பெயரும் இருந்தது. சங்கத் தலைவரின் பெயர் மட்டும் கொஞ்சம் கொழுத்திருந்தது.

கையுறைக் கம்பெனியில் ஏழு மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். இரண்டு தடவை பிந்திப் போய்விட்டாள். இன்னொரு தடவை பிந்தினால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு மனம் இளகித்தான், படுத்த படுக்கையான அம்மாவைக் காப்பாற்றும் பெண்ணுக்குச் சைக்கிள் கொடுப்பதென்று தெருநலச் சங்கம் தீர்மானித்தது. அதை வேலைநாள் காலையில் கொடுப்பதென்று தீர்மானித்ததும் அதே சங்கம்தான். ரிப்பன் வெட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்ட துணிக்கடை முதலாளிக்கு மற்ற நேரம் தோதுப்படவில்லை.

"ஐயா, நேரமாகுது. நான் கிளம்பட்டுங்களா?"

"முதலாளி குளிச்சிட்டு இருக்காராம்," என்றார் தலைவர். "சைக்கிள்தான் இருக்கே, பறந்துடலாம்."

"கொடுக்கிறவங்களே காத்துக் கெடக்கோம். வாங்குறவளுக்கு வந்த அவசரத்தப் பாரு," என்றாள் தலைவரின் மனைவி. பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டி, நான் குடுத்த சுடிதார் எங்கே? போட்டோ எடுக்கிற அன்னைக்கு இதான் கெடச்சுதா?"

"அது இடுப்புல நிக்கலக்கா."

"ஊசிநூல்கூட இல்லியா உங்க வீட்டுல? அதையும் சங்கம்தான் வாங்கித் தரணுமா?"

யாரோ சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் இப்ப ஓட்டமா நடந்தே போயிடறேன்யா. சாயந்தரம் வந்து வாங்கிக்கிறேன்."

தலைவரின் முகம் சுருங்கியது. "போ, தாராளமா போ. இத்தன பேரு முகத்துல கரியப் பூசிட்டுப் போ. உங்கம்மாவுக்கு மூச்சு வாங்கினா வண்டி கேட்டு எந்த வீட்டுக் கதவ தட்டுவேன்னு மட்டும் யோசிச்சுக்கோ."

அவள் நின்றாள்.

முதலாளி பவுடர் மணக்க வந்தார். இளைய தலைமுறைக்கு நேரந்தவறாமை எவ்வளவு முக்கியம் என்று பேசினார். நிறுத்தி நிதானமாகப் பேசினார். கத்தரிக்கோல் மொண்ணையாக இருந்ததால் ரிப்பன் மூன்று வெட்டுக்கு மசியவில்லை. "சிரிம்மா, இழவு வீட்ல நிக்கிற மாதிரி நிக்காதே," என்றார் போட்டோ எடுத்தவர். சிரித்தாள். முதலாளி கண்ணை மூடிவிட்டதால் இன்னொரு தடவை சிரித்தாள்.

அவர்கள் போகவிட்ட பிறகு எழுந்து நின்று மிதித்தாள். தகரப் பலகை ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில் இடித்தது.

கேட் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் கம்பி வழியாகப் பலகையைப் படித்துப் பார்த்தார்.

"புதுசா? பரவால்லியே, உங்க தெருவுல நல்ல மனுசங்க இருக்காங்க."

"அண்ணே, இந்த ஒரு தடவ..."

"உன் மெஷின்ல வேற பொண்ண உக்கார வெச்சுட்டாங்க பாப்பா. இனி நான் என்ன பண்ண?"

அவளுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. நூல் மூட்டை ஏற்றிய லாரி.

"சைக்கிள ஓரமா எடு," என்றார் வாட்ச்மேன். அவள் எடுத்தாள். அவர் கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து, லாரி முழுசாக உள்ளே போகும்வரை ஒரு கையை அவள் பக்கம் நீட்டி நிறுத்தியபடியே இருந்தார்.