ஞாயிற்றுக்கிழமை எட்டு மைல்

சத்தியநேசனின் சைக்கிளுக்கு வாரத்தில் ஆறு நாள்தான் வேலை. ஏழாம் நாள் அது வீட்டுச் சுவரில் சாய்ந்து சும்மா நிற்கும். அது அவர் மனைவி தங்கபாய் கொண்டுவந்த சட்டம். தங்கபாய் உபதேசியார் மகள். ஓய்வுநாளில் சைக்கிளும் ஏறக்கூடாது, பஸ்ஸும் ஏறக்கூடாது. ஆராதனைக்கானாலும் சாவுக்கானாலும் நடைதான். கல்யாணமாகிப் பதினெட்டு வருசம். பிள்ளையில்லாத வீட்டில் இருவரும் சேர்ந்து வளர்த்தது அந்த ஒரு சட்டத்தைத்தான்.

தை மாதத்திலிருந்து தங்கபாய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வயிற்றில் கட்டி. நாகர்கோவிலிலிருந்து வில்லுக்குறி தாண்டி எட்டு மைல். சத்தியநேசனுக்கு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. ஐந்து மணிக்குக் கையைக் கழுவினதும் சைக்கிளை மிதிப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டிலேயே அந்த ரோடு மோட்டாருக்குச் சொந்தமாகிவிட்டது. நடுவில் கான்கிரீட். அதில் பஸ்ஸும், லாரியும், வக்கீல்மார் காரும். சைக்கிள்காரனுக்கு ஓரத்துச் செம்மண். பின்னால் ஹாரன் கேட்டால் இறங்க வேண்டும். போனபிறகு ஏற வேண்டும். ஏறிக் கொஞ்சதூரம் மிதிப்பதற்குள் அடுத்த ஹாரன்.

அடுத்த வீட்டுப் பகவதியப்பன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ரோட்டில் இவரைக் கண்டால் தலையை வெளியே நீட்டாமல் போகமாட்டான்.

"ஓய், ரோடு உமக்குச் சீதனமா வந்ததா?"

"எனக்கு எங்க வந்துது? உம்ம காருக்குல்லா எழுதிக் குடுத்துருக்கு. போவும்வே!"

வார்டுக்குள் நுழைந்ததும் தங்கபாய் முதலில் பார்ப்பது அவர் வேட்டியைத்தான்.

"இண்ணைக்கு எத்தன தடவ எறக்கி விட்டானுவ?"

"யாரு எண்ணுனா?"

"செம்மண்ணப் பாத்தாத் தெரியாதா? பன்னெண்டு தடவ." வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நடந்தே போவார். மாசி போய்ப் பங்குனி வந்தபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது சத்தியநேசன் மனசுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார். இந்தச் சட்டத்தை நான் கைவிடாதவரைக்கும் கர்த்தர் இவளைக் கைவிடமாட்டார். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. அவளிடமும்.

சித்திரையில் ஒரு ஞாயிறு. மணி பன்னிரண்டு. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாசலில் காரோடு நிற்கிறான் பகவதியப்பன். முகத்தில் கேலி இல்லை.

"காலைல ஒரு சவாரி கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்சு பிள்ள ராஜபாய் ஓடி வந்து சொன்னா. ஒங்க வீட்டுல ரொம்ப முடியல்லயாம். ஒடனே வரணுமாம். ஏறும்."

சத்தியநேசன் கார்க் கதவில் கை வைத்தார். வெயிலில் தகரம் சுட்டது. கையை எடுத்துவிட்டார்.

"நான் நடந்து வாரேன்."

"என்னது?"

"இண்ணைக்கு ஞாயிறுல்லா."

"ஓய், கார்ல சும்மா இருக்கியது வேல, எட்டு மைலு நடக்கியது ஓய்வா? எந்த ஊரு ஞாயம்வே இது?"

"அவளுக்குப் பிடிக்காது, பகவதி."

"இப்பம் அவளுக்கு என்ன பிடிக்கும்ணு நீரு கண்டீரா?"

அவர் நடந்தார். பார்வதிபுரம் வரைக்கும் கார் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தும் பகவதியப்பன் விலகவில்லை. கடைசியில் வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"சரி, கார் வேண்டாம். திரும்பிப் போய் சைக்கிளயாவது எடும்வே. அம்மன் மேல ஆண, ஒருத்தருட்டயும் சொல்லமாட்டேன்."

"நீ போ, மக்கா."

பகவதியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

சுங்கான்கடை ஏற்றம் முடிவதற்குள் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிவிட்டது. வேதத்துச் சங்கீதம் ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். பாதிக்கு மேல் வரவில்லை. வில்லுக்குறியில் சைக்கிள் கடை திறந்திருந்தது. வாடகைச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. மணி இரண்டேகால்.

"வேணுமா அண்ணாச்சி?" கடைக்காரர் கேட்டார்.

சத்தியநேசன் ஒரு சீட்டில் கை வைத்தார். இன்னும் இரண்டு மைல். மிதித்தால் பத்து நிமிசம். நடந்தால் முக்கால் மணி நேரம். இத்தனை தூரம் காத்ததைக் கடைசி இரண்டு மைலில் விடவா? விட்டு, அவளுக்கு ஒன்று ஆகிப்போனால்? நான் அல்லவா அவளைக் கொன்றதாக ஆகும்?

"அண்ணாச்சி, எடுக்கியளா இல்லியா?"

கையை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். நாற்பத்தாறு வயதில், நெஞ்சு அடைக்க, செம்மண் ஓரத்திலே ஓடினார். ஒரு காரிலிருந்து யாரோ கூவிச் சிரித்தார்கள்.

வார்டு வாசலில் ராஜபாய் நின்றாள். அவளைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இப்பந்தான் அண்ணாச்சி. ரெண்டரைக்கு." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசி வர நல்ல நெனவு இருந்துது. வாசலையே பாத்துட்டுக் கெடந்தாவ. இண்ணைக்கு ஞாயிறுல்லா அக்கா, அவிய நடந்துல்லா வரணும்ணு நான்தான் சொன்னேன். அதுக்கு அக்கா, இல்லட்டீ, இண்ணைக்கு சைக்கிள்லதான் வருவாவ, எனக்காக வருவாவண்ணு சொன்னாவ. ஒரு தடவையில்ல, நாலஞ்சு தடவ சொல்லிட்டாவ."

சத்தியநேசன் உள்ளே போனார். கட்டிலோரம் நின்று அவள் காலைத் தொட்டார். இன்னும் சூடு இருந்தது. தன் இடுப்பில் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டுக்கொண்டார்.

பின்னாலேயே வந்து நின்ற ராஜபாய் மெதுவாகக் கேட்டாள்.

"சைக்கிளுக்கு என்னாச்சு அண்ணாச்சி?"

அவர் திரும்பவில்லை.

"பஞ்சராப் போச்சு, பிள்ள," என்றார்.